பார்வைத் தொல்லை

தாழங்கழுவெளிச் சதுப்பு நிலத்தில் வாழும் பறவைகளை மக்கள் அளவுக்கு மீறிப் பார்க்கிறார்கள் என்று ஈரநில மேன்மை ஆணையம் கண்டுபிடித்தது. ஆய்வுக்குழு இதற்குப் ‘பார்வைத் தொல்லை’ என்று பெயர் வைத்தது. ஓயாமல் பார்க்கப்படும் பறவை கூச்சப்படுகிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை, முட்டையைக் குறைத்துக்கொள்கிறது, கடைசியில் தான் பறவைதானா என்றே சந்தேகப்படுகிறது என்று அறிக்கை சொன்னது. அறிக்கையை வெளியிட்ட விழாவில் வந்தவர்கள் எல்லோருக்கும் காடை வறுவலோடு சாப்பாடு போட்டார்கள்.

இதெல்லாம் மேடவாக்கத்தில் ஒரு மூன்றாவது மாடியில் குடியிருந்த ஐசக்குக்குத் தெரியாது. அவர் அந்த நேரத்தில் தன் மனைவி ரத்தினபாயைச் சக்கர நாற்காலியோடு ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஐசக் சேலையூரில் ஒரு பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தினபாய் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவள். அவள் பேசுவாள், அவர் கேட்பார். குடும்பம் அப்படித்தான் நடந்து வந்தது. கேம்ப் ரோட்டு வீட்டை விற்றுவிட்டுக் கழுவெளியைப் பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். குடிவந்த கையோடு ஒரு பறவைப் புத்தகம் வாங்கினாள். காலையில் காபி டம்ளரோடு ஜன்னலில் நின்றுகொண்டு, “என்னங்க, இங்க வாங்க, நாமக்கோழி வந்திருக்கு. நெத்தியில வெள்ளையா நாமம் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போற மாதிரி நிக்குது பாருங்க” என்பாள். அவர் வந்து பார்ப்பதற்குள் அது நாணலுக்குள் போயிருக்கும். அதற்கும் அவளே ஒரு காரணம் சொல்லிச் சிரிப்பாள்.

போன ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ரத்தினபாய் குளியலறையில் விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

“அவங்களுக்கு எல்லாம் புரியும் சார்” என்றார் டாக்டர். “வார்த்தை உள்ளதான் இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு.”

அந்த வழியைத் திறக்கக் கோவிலம்பாக்கத்திலிருந்து ஜோவிதா ஸ்கூட்டியில் வந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள், சின்ன வயசு, பொறுமை அதிகம். படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். சீப்பு, சாவி, குடை, வாழைப்பழம். ரத்தினபாய் அட்டைகளைப் பார்த்தாள், ஜோவிதாவைப் பார்த்தாள், உதடு கோணியது, ஒன்றும் வரவில்லை. மெல்பர்னில் இருக்கும் மகன் மெர்வினின் படத்தைக் காட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. பெயர் வரவில்லை.

ஒரு நாள் காலையில் முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று ஜோவிதா நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். கீழே தண்ணீரில் பழுப்பாக, கைக்கடக்கமாக ஒன்று மிதந்துகொண்டிருந்தது. திடீரென்று முழுகியது. ரத்தினபாய் இடது கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. அது நாலு முழம் தள்ளி வேறோர் இடத்தில் தலையை நீட்டியதும், “முக்குளிப்பான்” என்றாள்.

ஜோவிதா சமையலறைக்கு ஓடினாள். “அங்கிள், ஆன்ட்டி என்னமோ சொன்னாங்க. அது என்னன்னே எனக்குத் தெரியல. ஆனா அது வார்த்தை அங்கிள்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஐசக் அதை அணைக்காமலே வந்து நின்றார்.

அதன் பிறகு அட்டைகள் பைக்குள்ளேயே இருந்தன. ஜன்னல்தான் பாடம். கூழைக்கடா வந்தது, நீர்க்காகம் வந்தது, நீலத்தாழைக்கோழி வந்தது. பறவைகளின் பின்னால் ஒட்டிக்கொண்டு மற்றச் சொற்களும் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி. வந்துடுச்சு. பசிக்குது. மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் தெரிந்த மகனைப் பார்த்து “மெர்” என்றாள். மீதி வரவில்லை. மெல்பர்னில் மெர்வின் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கோ எழுந்து போனான். வெகுநேரம் திரையில் கூரைதான் தெரிந்தது.

“மீதியும் வந்துடும் அங்கிள்” என்றாள் ஜோவிதா. “விடாம பண்ணுவோம்.”

மறுநாள் தகரம் வந்தது.

ஆணையத்தின் ஆட்கள் கழுவெளியின் ஓரமாகக் கிரேனை நிறுத்தி இரும்புத் தூண் நட்டு, அதில் தகரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தார்கள். முதல் மாடி மறைந்தது. இரண்டாவது மாடி மறைந்தது. மூன்றாவது மாடிக்கு வந்ததும் கொஞ்சம் பின்வாங்கி நின்று பார்த்தார்கள். ஜன்னலில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இன்னும் இரண்டு வரிசை ஏற்றினார்கள். தகரம் மொட்டையாக இருந்தால் ஊருக்கு அழகில்லை என்பதால் அதன் மேல் பறவைப் படங்களை ஒட்டினார்கள். ரத்தினபாயின் ஜன்னலுக்கு நேராக வந்தது தென்னமெரிக்கப் பஞ்சவர்ணக்கிளி. அதன் காலடியில் பெரிய எழுத்தில், ‘எங்களைப் பார்க்காதீர்கள். எங்களை நேசியுங்கள்’ என்று எழுதியிருந்தது.

ரத்தினபாய் அந்தக் கிளியை அன்று முழுவதும் பார்த்தாள். அது முழுகவில்லை, பறக்கவில்லை. சாயங்காலம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கும் பார்வை அது. ஐசக் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தகர வரிசையில் ஒரே ஒரு வாசல் விட்டிருந்தார்கள். அது கழிவுநீர் லாரிகளுக்கானது. அங்கே காக்கிச் சட்டையில் ஒருவர் தகரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். மார்பில் வீராசாமி என்று பெயர்ப்பட்டை. முன்பு இதே கழுவெளியில் வலை போட்டவர். அது பறவைக் காப்பகம் ஆனதும் வலையை வாங்கிக்கொண்டு விசிலைக் கொடுத்திருந்தார்கள்.

“இன்னா சார், பாக்க வந்தியா?”

“பாக்க வரல. ஆபீஸ் எங்க இருக்கு?”

“தகரத்த ஒட்டியே வெளிய நேரா போ சார். ஏசி சத்தம் கேக்கும் பாரு, அதான்.”

“உள்ள பறவைங்க எப்படி இருக்கு?”

வீராசாமி தலையை ஆட்டினார். “நான் இந்தப் பக்கம் பாத்துகினுதான் சார் நிக்கணும். திரும்பினா மெமோ.”

அலுவலகம் தகரத்துக்கு வெளியே, முன்பு தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டியிருந்தது. வாசலில் ‘அமைதி. பறவைகள் ஓய்வெடுக்கின்றன’ என்ற பலகை. அதற்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் பலகையைக் கையால் தொட்டால் அதிர்ந்தது. உள்ளே பார்வையாளர் அனுபவ அலுவலர் மிருதுளா சிரித்த முகத்தோடு எழுந்து நின்றாள்.

“வாங்க சார். நீங்க எந்த கேட்டகிரி? விசிட்டரா, ஸ்டேக்ஹோல்டரா, டிஸ்டர்பன்ஸா?”

“என் வொய்ஃபுக்கு உடம்பு சரியில்லம்மா. அவ ஜன்னல்லருந்து...”

“ஜன்னலா? அப்ப டிஸ்டர்பன்ஸ் சார். உக்காருங்க. அதுலதான் கூட்டம் கம்மி, சீக்கிரம் பாத்துடலாம்.”

இயக்குநர் லக்ஷ்மிநாராயணன் அறையில் ஜன்னல் இல்லை. அந்த இடத்தில் கழுவெளியின் பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. அவர் மரியாதை தெரிந்தவர். ஐசக் வாத்தியார் என்று கேள்விப்பட்டதும் எழுந்து கைகுலுக்கினார், காபி சொன்னார், கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா நீங்க அந்தப் பறவையோட எடத்துல இருந்து யோசிங்க. உங்களை ஒருத்தர் தெனமும் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்?”

“சார், அவளுக்கு பக்கவாதம். எழுந்து நடக்க முடியாது. சும்மா உக்காந்து பாக்கறா, அவ்வளவுதான்.”

“அதான் சார் பிரச்சினையே. வேலை இருக்கறவன் ஒரு தடவை பாத்துட்டு போயிடுவான். சும்மா இருக்கறவங்க பார்வைதான் ஆழமா எறங்குது. எங்க ஸ்டடியில தெளிவா வந்திருக்கு.”

“தெனமும் கழிவுநீர் லாரி உள்ள போகுதே சார்?”

“லாரி பறவையைப் பாக்கறதில்லையே” என்றார் இயக்குநர். அவர் குரலில் பெருமிதம் இருந்தது. “அது பாட்டுக்கு வருது, கொட்டுது, போகுது. அந்த ஒழுக்கம் நம்ம பப்ளிக்குக்கு இன்னும் வரல சார்.”

ஐசக் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறதே, அங்கேயாவது அவளைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டார்.

“தாராளமா வரலாம். பறவைங்க இருக்கற மாசத்துல மட்டும் கோபுரத்தை மூடி வைப்போம், அதுங்களுக்கு தொந்தரவு ஆகக்கூடாதுன்னு. பறவைங்க போனப்பறம் திறந்துதான் இருக்கும். நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம்.”

வெளியே வரும்போது மிருதுளா அவர் போனை வாங்கி ஆணையத்தின் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். எல்லாப் பறவைகளின் குரலும் அதில் இருக்கிறது, ஆன்ட்டிக்கு நிச்சயம் பிடிக்கும் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

ஜோவிதா அந்தச் செயலியில் நீலத்தாழைக்கோழியின் குரலைப் போட்டாள். ரத்தினபாயின் முகம் மலர்ந்தது. போனை இடது கையில் வாங்கினாள். திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். மடியில் வைத்து, முந்தானையை விலக்கி, நாற்காலியின் அடியில் குனிந்து பார்த்தாள். எங்கும் இல்லை என்று தெரிந்ததும் போனை ஜோவிதாவிடம் நீட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் குரலை எத்தனை தடவை போட்டாலும் அவள் திரும்பவில்லை.

டிவியில் போட்டுக் காட்டினார்கள். பறவைப் புத்தகத்தைப் பிரித்து வைத்தார்கள். ஐசக் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று பார்த்தார். லிஃப்ட் அதுவரை போகாது, கடைசிப் படிக்கட்டு குறுகல். நாற்காலியைப் பாதி வழியில் நிறுத்தி, ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை மனைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொற்கள் வந்த மாதிரியே போயின. முதலில் ‘வந்துடுச்சு’ போயிற்று. வருவதற்கு எதுவும் இல்லை. அப்புறம் பறவைகள். ‘தண்ணி’ மட்டும் சில வாரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மெர்வின் கூப்பிட்டபோது அவள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள்.

“பரவால்லம்மா” என்றான் அவன். “நான் பேசறேன். நீ கேளு.”

அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த வீட்டில் கேட்பது எப்போதும் ஐசக்கின் வேலை.

ஐசக் தினமும் ஆணையத்துக்குப் போக ஆரம்பித்தார். ஒரு தகரம் போதும் சார், எங்கள் ஜன்னலுக்கு நேராக ஒரே ஒரு தகரம் என்று கேட்டார். ஒரு தகரத்தை எடுத்தால் அந்த வழியாகப் பார்வை ஒழுகும் என்றார்கள். ஒழுகினாலும் என் மனைவியின் பார்வையால் பறவைக்குக் கெடுதல் இல்லை என்றார். அதை நிரூபிக்க முடியுமா என்று கேட்டார்கள். எப்படி நிரூபிப்பது என்றார். அவர்களுக்கும் தெரியவில்லை. எனவே ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு கூடி, பார்வையை அளந்துவிடுவது என்று முடிவு செய்தது.

அளப்பதற்கு மிருதுளாவும், கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தொழில்நுட்பக்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். பெட்டி உண்மையில் அறையின் வெளிச்சத்தை அளக்கிற கருவி. பார்வையை அளக்கத் தனிக் கருவி வரும்வரை இதை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதை ரத்தினபாயின் நெற்றிக்கு நேராக ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள்.

“ஆன்ட்டி, எப்பவும் எப்படி பாப்பீங்களோ அப்படியே அந்தக் கிளியைப் பாருங்க” என்றாள் மிருதுளா.

ரத்தினபாய் கிளியைப் பார்க்கவில்லை. மிருதுளாவைப் பார்த்தாள். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்தை மறந்துவிட்டு நிற்கும் பிள்ளையை அவள் அப்படித்தான் பார்ப்பாள். மிருதுளாவின் கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தது. ரத்தினபாய் இடது கையை நீட்டி அந்த முறுக்கை எடுத்துவிட்டு, அட்டையை நேராகத் திருப்பி வைத்தாள்.

“சார், கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று மிருதுளா சமையலறைக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. தொழில்நுட்பக்காரர் பெட்டியில் வந்த எண்ணைச் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஐசக்கிடம் மெல்லச் சொன்னாள். “மைல்டுன்னு போட்டுடறேன் சார். சாங்ஷன் ஆயிடும். ஆனா...”

“ஆனா என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார்.” லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

சாங்ஷன் ஆகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. இயக்குநருக்கு இதில் ஒரு திட்டம் தெரிந்தது. ‘கருணை ஜன்னல்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். உலக ஈரநில நாளன்று, சிறப்பு விருந்தினர் முன்னிலையில், பொதுமக்கள் கைதட்ட, ஐசக் வீட்டு ஜன்னலுக்கு எதிரே உள்ள தகரம் அகற்றப்படும் என்று கட்டடம் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸில் ரத்தினபாயின் படம் இருந்தது. அளக்க வந்தபோது எடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. கீழே ‘பயனாளி’ என்று போட்டிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் ஐசக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது வீராசாமி கையைக் காட்டி நிறுத்தினார். லாரி ஒன்று மண் சிந்திக்கொண்டே வாசலுக்குள் போனது. அது போய் முடியும்வரை வீராசாமி பேசவில்லை.

“சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்காத. தொறக்க வேணாம்னு சொல்லிடு.”

“என்னது? எத்தனை நாள் அலைஞ்சு வாங்கினது தெரியுமா?”

“தெரியும் சார். நீ போறதையும் வர்றதையும் நான்தான பாத்துகினு கீறேன். அதான் சொல்றேன். தகரம் இருந்துட்டு போட்டும். தகரம் இருந்தா, பின்னால எல்லாம் கீதுன்னு நெனச்சுக்கலாம்.”

ஐசக்குக்குக் கோபம் வந்தது. ஆணையம்தான் இந்த ஆளிடம் இப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறது, கடைசி நேரத்தில் தானாகவே பின்வாங்க வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். “உங்க டூட்டிய பாருங்க வீராசாமி” என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தார். வீராசாமி பழையபடி தகரத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“நாளைக்கு எடுத்துடறாங்க ரத்தினம்” என்று அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. ஜன்னலைக் காட்டி, தகரத்தை இரண்டு கையாலும் பிடுங்கி எறிவது போலச் செய்து காட்டினார். அவள் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. நெடுநாளாக அந்தப் பாதியும் சிரிக்காமல் இருந்தது.

மறுநாள் காலையில் ஜோவிதா சீக்கிரமே வந்து அவளுக்குத் தலை வாரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு உடுத்தும் வெளிர்நீலப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். நாற்காலியை ஜன்னலை ஒட்டினாற்போல் போட்டார்கள். ஐசக் கீழே போக வேண்டியிருந்தது. பயனாளியின் சார்பில் அவர் மேடையில் இருந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளைக் காகித அலகு மாட்டி வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியதும் பறவைகளைக் கௌரவிக்கும் விதமாகச் சரவெடி கொளுத்தப்பட்டது. ஐசக்குக்குச் சால்வை போர்த்தினார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்தக் கழுவெளியை நாங்கள் பொறுப்பேற்றபோது இங்கே என்ன இருந்தது? பார்க்கும் இடமெல்லாம் தண்ணீர். கால் வைக்க இடமில்லை. எந்தப் பறவை எப்போது வரும், எங்கே உட்காரும் என்று ஒரு முறை கிடையாது. அவை இஷ்டப்படி வந்தன, இஷ்டப்படி போயின. இந்த நிலையைக் கண்டு நாங்கள் வேதனைப்பட்டோம். பெரியோர்களே, ஓர் ஈரநிலத்தின் ஒரே குறை அதன் ஈரம். அந்தக் குறையைத்தான் நாங்கள் படிப்படியாக நிவர்த்தி செய்து வருகிறோம்.”

கைதட்டினார்கள். ஐசக்கும் தட்டினார். அவர் அண்ணாந்து மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை.

சிறப்பு விருந்தினர் பச்சைக் கொடியை அசைத்தார். கிரேன் பஞ்சவர்ணக்கிளியைக் கழற்ற ஆரம்பித்தது. முதலில் தலை போனது, அப்புறம் மார்பு, அப்புறம் ‘எங்களைப் பார்க்காதீர்கள்’, அப்புறம் ‘எங்களை நேசியுங்கள்’. கடைசித் தகரமும் இறங்கி வெயில் உள்ளே பாய்ந்தபோது பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

உள்ளே கார் நிறுத்தும் இடம் இருந்தது.

செம்மண் கொட்டி இறுக்கி, அதன் மேல் சிவப்பும் சாம்பலுமாகக் கல் பாவி, வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பறவையின் பெயர் வைத்திருந்தார்கள். நடுவே ஒரு நீரூற்று. அதற்கு லாரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரங்களில் சிமெண்டால் செய்த கூழைக்கடாக்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வாய்க்குள் குப்பை போட வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில், எதிர்ப்பக்க வேலி ஓரமாக, கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. அங்கே ஒரு கழிவுநீர் லாரி ஒழுக்கமாகத் தலைகுனிந்து நின்றிருந்தது.

ஐசக் எழுந்து நின்றார். சால்வை ஒரு பக்கம் சரிந்தது.

“தண்ணி எங்க சார்?” என்றார். முன்னால் இருந்த ஒலிபெருக்கி அதைப் பிடித்து எல்லோருக்கும் சொன்னது.

“ஃபேஸ் ஒன்லயே எடுத்தாச்சு சார்” என்றார் இயக்குநர் புன்னகையோடு. “இது ஃபேஸ் டூ.”

“பறவைங்க?”

“பறவைங்க சுதந்திரமான உயிரினம் சார். நாங்க யாரையும் புடிச்சு வெக்கறதில்ல.” பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “ஆனா சார் கேட்டது நல்ல கேள்வி. இந்தத் தகரம் வைத்த நாளிலிருந்து இன்று வரை இந்தப் பகுதியில் ஒரு பறவைக்குக்கூடப் பார்வைத் தொல்லை ஏற்படவில்லை. ஒன்றுக்குக்கூட. இதைவிட ஒரு காப்பகத்துக்கு என்ன சாதனை வேண்டும்?”

மறுபடியும் கைதட்டினார்கள். மேடையின் ஓரத்தில் பூச்செண்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மிருதுளா தட்டில் இருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐசக் மேலே பார்த்தார். ஜன்னலில் வெளிர்நீலப் புடவை தெரிந்தது. ரத்தினபாய் இடது கையைத் தூக்கியிருந்தாள், ஏதாவது ஒன்று முழுகி வேறு இடத்தில் தலை நீட்டும் என்று காத்திருப்பவளைப் போல. அந்தக் கை வெகுநேரம் அப்படியே இருந்தது. கீழே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடித்தார்கள். ஒலிபெருக்கியில் நன்றியுரை ஆரம்பித்தது. அப்போது அந்தக் கை மெதுவாக இறங்கியது.

யாரிடமும் சொல்லாமல் அவர் மேடையிலிருந்து இறங்கி நடந்தார். வாசலில் வீராசாமி இருந்தார். ஐசக்கைக் கண்டதும் தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஜோவிதா சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவர் வந்தது தெரிந்தும் அவள் திரும்பவில்லை. அவர் நேராக ஜன்னலுக்குப் போய் மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்கென்று தெரியவில்லை. கீழே முதல் கார் வந்து கோட்டுக்குள் நின்றது. குடும்பமாக இறங்கி, சிமெண்டுக் கூழைக்கடாவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குழந்தை அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தது.

ரத்தினபாய் அவர்களைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு குனிந்து கணவனைப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தன.

“பாவம்” என்றாள்.

தெளிவாக, திக்காமல், பழைய குரலில் வந்தது. சமையலறையில் ஜோவிதா சட்டென்று அழுகையை நிறுத்தியது கேட்டது.

யாரைச் சொல்கிறாள் என்று ஐசக் கேட்கவில்லை. அவர் தோளில் அந்தச் சால்வை இன்னும் கிடந்தது. ரத்தினபாய் இடது கையால் அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒற்றைக் கையால் அது சுலபமாக வரவில்லை. கழுத்தில் சுற்றிக்கொண்டது, சட்டைப் பொத்தானில் மாட்டியது. அவர் உதவி செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவள் எடுத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.